மார்கரீத் அம்மாள் சரித்திரம்

நவம்பர் மாதம் மரித்தோருக்குரிய மாதம். 2-ம் தேதியன்று நம் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி, செபம் சொல்லித் திரும்புகிறோம். அநேகமாய் நாம் முதலில் தேடிப் போகும் கல்லறை தாயாருடையது, அல்லது நம்மை எடுத்து வளர்த்த பாட்டியாருடையது. ஆனால் 1856-ம் ஆண்டில் இதே நவம்பர் மாதம் 25-ம் தேதி, இத்தாலி தேசத்துத் தூரின் பட்டணத்தில் இறந்துபோன ஒரு பாட்டியின் கல்லறையை இன்று ஒருவராலும் காட்ட முடியாது. தனிக் கல்லறைக்குக் கொடுக்கப் பணமில்லாதபடியால் ஏழைகளோடு பொதுக்குழியில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பாட்டியின் பெயர் மார்கரீத். அர்ச்சியசிஷ்ட ஜான் போஸ்கோவைப் பெற்ற தாய் அவர்தான்.

தொன் போஸ்கோ என்றால் நம்மில் தெரியாதவர் இல்லை. அவர் ஸ்தாபித்த சலேசிய சபையின் குருக்கள் 1906-ம் ஆண்டில் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை தொழிற்சாலைகள், எத்தனை அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள்! ஆனால் அந்தப் பெரிய மரத்தின் வேருக்குத் தண்ணீர் ஊற்றியது எழுத்தறியாத ஒரு குடியானவப் பெண்பிள்ளை என்பதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

1788-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ம் தேதி, வட இத்தாலியின் பியமோந்து நாட்டில், காப்ரிலியோ என்னும் மலையோரக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த அன்றே ஞானஸ்நானம். பத்துப் பிள்ளைகளில் ஒருவர். பள்ளிக்கூடம் என்பதைக் கண்ணாலும் பார்த்ததில்லை. ஞானோபதேசத்தையும் செபங்களையும் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணினார். கடைசிவரை கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் துணிச்சல் மட்டும் சிறுவயதிலேயே மிகுதியாக இருந்தது. நெப்போலியன் காலத்து யுத்தங்களில் அன்னிய நாட்டுக் குதிரைப் படைகள் அந்தப் பக்கமெல்லாம் திரிந்தன. ஒருநாள் களத்தில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தில் சிப்பாய்களின் குதிரைகள் வாய்வைத்துவிட்டன. காவலுக்கு இருந்தவள் இந்தச் சிறுமி. கத்திப் பார்த்தாள், சிப்பாய்கள் பாஷை புரியாமல் சிரித்தார்கள். உடனே வைக்கோல் அள்ளும் கவைக்கம்பை எடுத்து, குதிரைகளின் மூக்கிலேயே நாலு போடு போட்டாள். குதிரைகள் தறிகெட்டு ஓட, அவற்றைப் பிடிக்கச் சிப்பாய்களும் பின்னால் ஓடினார்களாம். காயப்போட்ட தானியத்தை ஆட்டுக்கும் மாட்டுக்கும் விட்டுக்கொடுக்காமல் காவல் காத்த நம் ஊர்ப் பெண்மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1812-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சிஸ்கு போஸ்கோ என்பவருக்கு அவர் வாழ்க்கைப்பட்டார். இது அவருக்கு இரண்டாம் தாரம். மூத்த மனைவி இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நான்கு வயதில் அந்தோனி என்ற ஆண்பிள்ளை வீட்டில் இருந்தான். வயதான மாமியாரும் உண்டு. ஆக, மணப்பெண்ணாக வாசற்படி ஏறிய அன்றே மார்கரீத் ஒரு மாற்றாந்தாயாகவும், ஒரு முதியவளுக்குப் பணிவிடைக்காரியாகவும் ஆனார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சூசை பிறந்தான்; 1815-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி ஜான் பிறந்தான்.

ஐந்து வருஷந்தான் அந்தத் தாலிபாக்கியம் நிலைத்தது. 1817-ம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் வயல்வேலை முடிந்து வேர்வை ஒழுக வந்த பிரான்சிஸ்கு, குளிர்ந்த நிலவறைக்குள் ஏதோ வேலையாக இறங்கினார். அன்று மாலையே காய்ச்சல் கண்டது. சளிக்காய்ச்சல் நெஞ்சில் கட்டி, மே 11-ந் தேதி இறந்துபோனார். வயது முப்பத்துமூன்று. ஜானுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தகப்பன் கிடந்த அறையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த தன்னை, அழுதுகொண்டே கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், இனி உனக்குத் தகப்பன் இல்லை என்று தாய் சொன்னதே தன் வாழ்வில் முதல் ஞாபகம் என்று பிற்காலத்தில் அவர் எழுதிவைத்தார்.

விதவைக்கு வயது இருபத்தொன்பது. கையில் மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார், தொழுவத்தை வீடாக மாற்றின ஒரு குடிசை, கொஞ்சம் நிலம். அந்த வருஷமே மழை பொய்த்தது.

மழை பொய்ப்பது என்றால் என்னவென்று கரிசல்காட்டுக்காரருக்குத் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த வருஷங்கள் நமக்கு எத்தனை! 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் முன்னோர் சொல்லிச் சொல்லி வந்த கதைகள் இன்னும் முற்றிலும் மறந்துபோகவில்லை. 1817-ல் பியமோந்தில் நடந்ததும் அதுவே. தானியம் விலைக்கும் கிடைக்கவில்லை. புல்லைத் தின்று வாயில் புல்லோடு பிணமாய்க் கிடந்தவர்களைக் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. மார்கரீத் வீட்டில் இருந்ததைக் கொண்டு நாள் கடத்தினார். அதுவும் தீர்ந்தபோது, நம்பிக்கையான ஓர் அயல்வீட்டுக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, என்ன விலையானாலும் தானியம் வாங்கிவரும்படி சந்தைகளுக்கு அனுப்பினார். இரண்டு நாள் அலைந்து அவர் கொடுத்த பணத்தையே திருப்பிக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பசியால் சுருண்டு கிடந்தார்கள். அம்மாள் பிள்ளைகளோடு முழந்தாளிட்டுச் செபித்தார். பின்பு எழுந்து, அயலாரைக் கூட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். அங்கே ஒரு கன்றுக்குட்டி. அதை அடித்து, ஒரு பாகத்தை அன்றிரவே சமைத்துப் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் கொடுத்தார். அந்நாட்டில் மாமிசம் சாப்பிடுவது அதிசயமல்ல. ஆனாலும் ஏழைக் குடியானவன் கன்றை அடிப்பது வரப்போகும் வருஷங்களையே அடித்துப் போடுவதற்குச் சமம். பால் போயிற்று, உழவு போயிற்று, விற்றால் கிடைக்கும் ரொக்கமும் போயிற்று. செபித்தபின் சும்மா உட்கார்ந்திராமல், வேறு எவரும் செய்யத் தயங்கும் காரியத்தைச் செய்தாரே, அதை நான் பெரிதாக எண்ணுகிறேன். பிற்பாடு தூரத்திலிருந்து அதிக விலைக்குத் தானியம் தருவித்துப் பஞ்சத்தைக் கடந்தார்கள்.

இளம் விதவையாயிற்றே, நல்ல இடத்திலிருந்து மறுமணத்துக்குக் கேட்டு வந்தார்கள். பிள்ளைகளை ஒரு காப்பாளர் பொறுப்பில் விட்டுவிடலாம், அவர் அன்பாகக் கவனித்துக்கொள்வார் என்றார்கள். காப்பாளர் சிநேகிதராக இருக்கலாமே தவிரத் தாயாக இருக்கமுடியாது என்று அம்மாள் மறுத்துவிட்டார். மறுமணம் பாவமல்ல, திருச்சபை அதை அனுமதிக்கிறது. அவர் மறுத்தது பிள்ளைகளுக்காக, அதிலும் தன் வயிற்றில் பிறவாத அந்தோனிக்கும் சேர்த்து.

மாமியார் கதைக்கு வருவோம். அந்த முதியவளுக்குக் கால்கள் விழுந்துபோய், நாற்காலியும் கட்டிலுமாகவே காலம் கழிந்தது. மார்கரீத் அவருக்குச் சோறூட்டிப் பணிவிடை செய்தது மட்டுமல்ல, வீட்டில் எந்தக் காரியத்தையும் அவரைக் கேட்காமல் செய்யவில்லை. பிள்ளைகளும் பாட்டியின் சொல்லை மீறக்கூடாது. ஜானுக்கு ஏறக்குறைய ஒன்பது வயதில் அந்தப் பிரசித்திபெற்ற கனவு வந்ததல்லவா? முரட்டுப் பிள்ளைகளும் காட்டு மிருகங்களும் ஆட்டுக்குட்டிகளாக மாறின கனவு. காலையில் அதை வீட்டில் சொன்னபோது, நீ ஆடு மேய்ப்பாய் என்றான் சூசை. கொள்ளைக்கூட்டத் தலைவனாவாய் என்றான் அந்தோனி. ஒருவேளை குருவாவாயோ என்றார் தாய். கனவையெல்லாம் நம்பக்கூடாது என்று ஒரே போடாகப் போட்டவர் பாட்டி. தானும் அன்று பாட்டியின் கட்சிதான் என்று ஜான் போஸ்கோ வேடிக்கையாக எழுதியிருக்கிறார். 1826-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்தப் பாட்டி மருமகள் கையில் நிம்மதியாகக் கண்மூடினார்.

அந்தோனிதான் அம்மாளின் பெரிய சிலுவை. தகப்பன் சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது. வளர வளர முரடனானான். தம்பிமார் மேல் கை நீட்டுவான். ஒருமுறை மாற்றாந்தாய் என்று திட்டி அம்மாள் மேலேயே கையை ஓங்கிக்கொண்டு போனான். உடல்பலத்தில் சளைக்காத பெண்பிள்ளை அவர். ஆனாலும் பதிலுக்குக் கை ஓங்காமல், நீ என் புருஷனின் மூத்த பிள்ளை, ஆகவே என் பிள்ளை, உன்னை நான் அடிக்கமாட்டேன் என்ற அர்த்தத்தில் அமைதியாகச் சொல்லி நகர்ந்துவிட்டாராம். நம் கதைகளில் வரும் மாற்றாந்தாய்மாரைப் பற்றி நாம் கேட்டிருப்பது வேறு.

ஜானுக்குப் படிப்பில் ஆசை. அந்தோனிக்கோ புத்தகத்தைக் கண்டால் ஆகாது. மண்வெட்டி பிடிக்கும் கைக்குப் புத்தகம் எதற்கு, நான் படிக்காமல் வளரவில்லையா என்று தினம் சண்டை. இப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையேயும் உண்டு. காட்டில் பாடுபடும் மூத்தவனுக்கும் பள்ளிக்கூடம் போகும் இளையவனுக்கும் இடையில் தாய் என்ன செய்வாள்? எந்தப் பக்கம் பேசினாலும் மற்றவன் மனம் எரியும். அம்மாள் எடுத்த முடிவு கேட்பதற்குக் கொடியது. குளிர்காலத்தில் ஒருநாள், பன்னிரண்டு வயதை எட்டும் பருவத்தில் இருந்த ஜானைத் துணிமூட்டையோடு வெளியே அனுப்பி, தெரிந்த பண்ணைகளில் எங்கேனும் வேலை தேடிக்கொள்ளச் சொன்னார். பையன் மோலியா என்பவரின் பண்ணையில் மாட்டுக்காரனாக ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தான். பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெறாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு வருஷமும் அவர் எத்தனை இரவு தூங்கினாரோ, சர்வேசுரனுக்கே வெளிச்சம். பின்பு தன் சகோதரர் மூலமாக ஜானை வரவழைத்து, கடைசியில் பாகப்பிரிவினை செய்து, அந்தோனிக்கு உரியதை அவன் கையில் கொடுத்து வீட்டுச் சண்டையை முடித்தார். 1831-ல் ஜான் ஊரை விட்டுப் படிக்கப் போனான். அந்தோனியும் கலியாணம் செய்து குடியும் குடித்தனமுமானான். உறவு அறுந்துபோகவில்லை.

அவர் பிள்ளை வளர்த்த விதத்தில் ஒன்றைச் சொல்லி மேலே போகிறேன். சமையலறை மூலையில் எப்போதும் ஒரு பிரம்பு சாத்தியிருக்கும். அதை எடுத்து அவர் அடித்ததில்லை. ஒருநாள் அம்மாள் சந்தைக்குப் போயிருந்தபோது, ஜான் உயரத்தில் இருந்த எதையோ எட்டப்போய் எண்ணெய்ச் சாடியை உடைத்துவிட்டான். துடைத்துப் பார்த்தான், கறை போகவில்லை. வேலியில் ஒரு விளாரை ஒடித்து, அதன் பட்டையை அழகாகச் சித்திரவேலைபோல் சீவிக்கொண்டு, சந்தையிலிருந்து வரும் தாயை வழிமறித்து நீட்டினான். எதற்கு என்று கேட்டார். எண்ணெய்ச் சாடியை உடைத்ததற்கு என்றான். உண்மையைச் சொன்னாயே என்று மன்னித்துவிட்டார்.

வீடு காட்டோரம். இரவில் கதவைத் தட்டும் பிச்சைக்காரனுக்கும் வழிப்போக்கனுக்கும் மக்காச்சோளக் களியோ கஞ்சியோ தவறாமல் கிடைக்கும். போலீசுக்குப் பயந்து ஒளிந்து திரிகிறவர்களும் வருவார்கள். அவர்களைத் தேடும் போலீசாரும் வருவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கட்சியும் அந்த வீட்டில் இருந்ததுண்டாம். அந்தக் கூரைக்கடியில் யாரும் யாரையும் பிடிப்பதில்லை என்பது எழுதாத சட்டமாகிவிட்டது.

ஜான் குருவாக விரும்பியபோது, சந்நியாச சபையில் சேர்ந்துவிட்டால் வயதான காலத்தில் உம்மை யார் பார்ப்பது, பையனைத் தடுத்துச் சொல்லும் என்று பங்குச் சுவாமியார் அம்மாளுக்குப் புத்தி சொன்னார். அம்மாள் மகன் படித்த கியேரி பட்டணத்துக்கு நடந்தே போய், சுவாமியார் இப்படிச் சொன்னார் என்று ஒளிக்காமல் தெரிவித்துவிட்டு, என்னைப் பற்றி யோசிக்காதே, உன்னிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். நான் ஏழையாய்ப் பிறந்தேன், ஏழையாய் வாழ்ந்தேன், ஏழையாகவே சாக விரும்புகிறேன். நீ குருவாகிப் பணக்காரனானால் உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். 1841-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி ஜான் குருப்பட்டம் பெற்றார். சில நாள் கழித்துச் சொந்த ஊரில் பூசை வைத்தார். ஊரெல்லாம் விருந்தும் கொண்டாட்டமுமாய் இருந்த அந்த மாலையில், பூசை வைக்கத் தொடங்குவது பாடுபடத் தொடங்குவது என்று தாய் அவரிடம் தனியே நினைவூட்டினார்.

இதற்குள் மார்கரீத் பாட்டியாகியிருந்தார். அந்தோனிக்கும் சூசைக்கும் பிள்ளைகள் பிறந்தன. அம்மாள் பெக்கி என்னும் அந்தக் குக்கிராமத்தில் சூசையின் குடும்பத்தோடு இருந்தார். புது வீடு கட்டியாயிற்று, மருமகள் நல்லவள், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறிக் கதை கேட்பார்கள். நூல் நூற்றுக்கொண்டு, செபமாலை சொல்லிக்கொண்டு, பேரன் பேத்திகளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டு, முப்பது வருஷப் பாட்டுக்குப் பிறகு முதன்முறையாக அந்த அம்மாள் உட்கார்ந்தார். இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? நம் வீடுகளில் மகனும் மருமகளும் தீப்பெட்டி ஆபீசுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு திண்ணையில் இருக்கிற பாட்டிமாருக்கு அந்தப் பிள்ளைகள்தான் உயிர். அவர்களிடமிருந்து பிரித்துப் பட்டணத்துக்கு வா என்று கூப்பிட்டால் எப்படியிருக்கும்?

ஆனால் அப்படித்தான் அழைப்பு வந்தது. தூரின் பட்டணத்தில் தொன் போஸ்கோ தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் சித்தாள், புகைபோக்கி துடைக்கிற பையன், சிறையிலிருந்து விடுபட்டவன், அநாதை என்று நூற்றுக்கணக்கானவர். 1846-ம் ஆண்டு ஜூலையில் அவர் நோயில் விழுந்து சாவின் விளிம்புவரை போய்த் தப்பினார். உடம்பு தேற்ற ஊருக்கு வந்து மூன்று மாதம் இருந்தார். திரும்பிப் போகவேண்டும், வாடகைக்குக் கிடைத்த இடமோ வால்தொக்கோ என்ற கெட்ட பேட்டையில், பக்கத்தில் சாராயக் கடையும் துன்மார்க்க வீடும். வாலிபக் குரு அங்கே தனியே குடியிருப்பது தகாது. உம் தாயாரைக் கூட்டிக்கொண்டு போனால் உமக்குக் காவல் சம்மனசு கிடைத்தது போலாகும் என்றார் பங்குச் சுவாமியார். மகனுக்கோ கேட்க நா எழவில்லை. இந்த வீட்டில் மகாராணி மாதிரி இருக்கிறவரை எப்படிக் கூப்பிடுவது? கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மாள் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பேரப்பிள்ளைகளை விட்டுப் பிரிவது எவ்வளவு கஷ்டம் என்பதை மறைக்கவில்லை. சர்வேசுரனுக்குப் பிரியம் என்று உனக்குத் தோன்றினால் வருகிறேன் என்று முடித்தார். வயது ஐம்பத்தெட்டு.

1846-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, தாயும் மகனும் கால்நடையாகப் புறப்பட்டார்கள். அவர் கையில் கட்டளைச் செபப் புத்தகமும் பூசைப் புத்தகமும். அம்மாள் கையில் துணிமணி வைத்த ஒரு கூடை. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் போவதைவிட அதிக தூரம். பட்டணத்துக்குள் நுழையுமிடத்தில் ஒரு சிநேகிதக் குருவானவர் இவர்கள் நிலைமையைக் கேட்டு, கொடுக்கப் பணமில்லாமல் தன் கடியாரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். வெறும் அறைகளில் நுழைந்த அன்று இரவு, தாயும் மகனும் களைத்துப்போயிருந்தும் பாடினார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. என்ன தைரியம்!

கலியாணத்துக்கு வந்த சீர்த்துணிகளை அம்மாள் அதுவரை பத்திரமாக வைத்திருந்தார். அவை வெட்டப்பட்டுப் பீடத்துணிகளாகவும் குருவின் பூசை உடுப்புகளாகவும் ஆயின. மோதிரமும் கழுத்துச் சங்கிலியும் விற்கப்பட்டுப் பிள்ளைகளின் சாப்பாடாயின. கடைசியாக அந்த நகையைக் கையில் எடுத்தபோது மனம் சற்றுக் கலங்கியதை அம்மாளே பிற்பாடு ஒத்துக்கொண்டார். கலங்காமல் கொடுத்தார் என்று எழுதினால் அழகாயிருக்கும். ஆனால் அது உண்மையல்ல.

1847-ம் ஆண்டு மே மாதம் ஒரு மழை இரவு. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தெப்பமாய் நனைந்து வாசலில் நின்றான். கொத்து வேலை தேடி மலைநாட்டிலிருந்து வந்தவன், தாய் தகப்பன் இல்லை, கொண்டுவந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டது. அம்மாள் அவனை அடுப்படியில் உட்காரவைத்து, சூடாகக் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்தார். எங்கே படுக்கவைப்பது? இதற்கு முன் இரக்கப்பட்டு இடங்கொடுத்த சிலர் விடியுமுன் கம்பளியோடு மறைந்திருக்கிறார்கள். வேறு சிலர் வைக்கோலையே அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனாலும் செங்கல் அடுக்கி, மேலே பலகை பரப்பி, சமையலறையிலேயே படுக்கை போட்டார். படுக்குமுன் அவனுக்கு உழைப்பு, யோக்கியதை, தேவபக்தி பற்றிச் சின்னதாக ஒரு புத்திமதி சொன்னார். செபம் சொல்லச் சொன்னார், பையனுக்கு மறந்துபோயிருந்தது. தாயும் மகனும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்க அவன் சொன்னான். பின்பு சமையலறைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். அம்மாள் இரக்கமுள்ளவர், ஏமாளி அல்ல! அந்தப் பையன்தான் தொன் போஸ்கோ இல்லத்தில் தங்கிய முதல் பிள்ளை. உலகத்தில் எங்கெங்கே சலேசிய இல்லம் இருக்கிறதோ அங்கெல்லாம் இரவில் பிள்ளைகள் படுக்கப் போகுமுன் இரண்டொரு நிமிஷம் நல்வார்த்தை சொல்லும் வழக்கம், எழுத்தறியாத இந்தப் பாட்டி அன்றிரவு சொன்ன புத்திமதியிலிருந்து பிறந்தது என்பார்கள்.

ஒன்று இரண்டாகி, இரண்டு இருபதாயிற்று. சமையல், துவையல், தையல், நோய்ப்படுக்கையருகில் கண்விழிப்பு எல்லாம் அவர் தலையில். பட்டாளத்தார் கழித்துக்கொடுத்த பழைய கோட்டுகளை வெட்டிச் சட்டை தைத்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

ஆனால் எல்லா நாளும் ஒன்றுபோலிருக்குமா? செலவைக் குறைக்க வீட்டருகே ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். பிள்ளைகள் விளையாட்டுச் சண்டை போட்டு, வெற்றிக் களிப்பில் அந்தத் தோட்டத்தையே மிதித்துத் துவம்சம் பண்ணிவிட்டார்கள். 1850-ம் ஆண்டுவாக்கில் ஒரு மாலை அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மகனிடம் போய்க் கொட்டினார். காயப்போட்ட துணியை இழுத்து மண்ணில் புரட்டுகிறார்கள், தைத்த சட்டையை மறுநாளே கிழித்துக்கொண்டு வருகிறார்கள், காலுறையைத் தொலைக்கிறார்கள், சமையல் பாத்திரத்தை விளையாட எடுத்துப் போய்விடுகிறார்கள், தேடியே அரைநாள் போகிறது. ஊரில் என் பேரப்பிள்ளைகளோடு ராட்டினம் சுற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். என்னை அங்கேயே போகவிடு என்றார்.

மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தார். பின்பு சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டினார். அம்மாள் ஏறிட்டுப் பார்த்தார். கண் கலங்கிற்று. நீ சொல்வது சரி என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பி முந்தானைத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார். அதற்குப்பின் ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை. பஞ்சத்தில் கன்றை அடித்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது, உடம்பில் தெம்பிருந்தது. அறுபதைத் தாண்டிய வயதில் அலுத்துப்போய், போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி, பிறகு மறுபடியும் சமையலறைக்குத் திரும்பினாரே, என் கண்ணுக்கு இதுவே பெரிதாகத் தெரிகிறது.

1854-ம் ஆண்டு தூரினில் வாந்திபேதி பரவிற்று. ஏறத்தாழ 2,500 பேருக்கு நோய் கண்டு 1,400 பேர் மாண்டார்கள். வீட்டார்கூடத் தொட அஞ்சின நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யத் தொன் போஸ்கோவின் பிள்ளைகள் முன்வந்தார்கள். ஒருவரையும் நோய் தொடவில்லை. நோயாளிகளுக்குப் போர்த்தத் துணி கேட்டுப் பிள்ளைகள் அம்மாளிடம் ஓடிவருவார்கள். படுக்கை விரிப்பு, துப்பட்டி, கடைசியில் தன் தோள் சால்வை எல்லாம் போயிற்று. மறுபடியும் ஒருவன் வந்து கேட்டபோது, மகனின் அனுமதியோடு பீடத்துணிகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவற்றில் அவர் கலியாணத் துணியும் இருந்ததோ என்னவோ!

அவ்வாண்டு அக்டோபரில்தான் தோமினிக் சாவியோ அங்கே வந்து சேர்ந்தான். உன்னிடத்தில் நல்ல பிள்ளைகள் அநேகர் இருக்கிறார்கள், ஆனால் இவனுக்கு நிகர் ஒருவனும் இல்லை என்று மகனிடம் முதலில் சொன்னவர்களில் அம்மாளும் ஒருவர். மற்றவர்கள் வெளியே போனபின்னும் அவன் நற்கருணைநாதர் முன் தங்குவதைச் சமையலறைக்காரி கவனித்திருந்தார்.

1856-ம் ஆண்டு நவம்பரில் அம்மாளுக்கு நெஞ்சில் சளிக்காய்ச்சல் கண்டது. புருஷனைக் கொண்டுபோன அதே நோய். அப்போது அந்த இல்லத்தில் இருந்த பிள்ளைகள் நூற்றைம்பதுக்குக் குறையாது. பிள்ளைகள் முறைவைத்துச் செபித்தார்கள். ஊரிலிருந்து சூசை ஓடிவந்தான். அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாயிற்று. தான் வேதனைப்படுவதைக் கண்டு மகன் துடிக்கிறதைப் பார்த்து, நீ வெளியே போ, உன் துக்கம் என் துக்கத்தைப் பெரிதாக்குகிறது என்று ஜானை அனுப்பிவிட்டார். 25-ம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு ஆவி பிரிந்தது. வயது அறுபத்தெட்டு. தொன் போஸ்கோ விடியுமுன் கன்சொலாத்தா மாதா கோவிலுக்குப் போய்த் தாய்க்காகப் பூசை வைத்து, இனி எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நீரே தாய் என்று தேவமாதாவிடம் முறையிட்டார். அம்மாளிடம் உடுத்தியிருந்ததைத் தவிர வேறு உடுப்பு இல்லை. புதிதாய் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி மகன் கொடுத்த பணமெல்லாம் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளின் உப்புக்கும் வெங்காயத்துக்கும் போய்விட்டிருந்தது. கடைசியாகக் கொடுத்ததில் மீந்த 12 லீரா மட்டும் சட்டைப்பையில் இருந்தது.

ஜான் போஸ்கோவுக்குப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தது 1934-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, பாஸ்குத் திருநாளன்று. அதுவே அவர் தாயாரின் பிறந்த நாள். 2006-ம் ஆண்டில் திருச்சபை மார்கரீத் அம்மாளையும் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

அம்மாள் இறந்தபின் சமையலறைக்கு யார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. பிள்ளைகள் பசித்திருப்பார்களே! தொன் போஸ்கோவிடம் வளர்ந்து பிற்காலத்தில் அவருக்கு அடுத்தபடி சபைக்குத் தலைவரான மிக்கேல் ரூவாவின் தாயாரும் ஒரு விதவை. அவர் வந்து அந்த முந்தானைத் துணியைக் கட்டிக்கொண்டு, ஏறக்குறைய இருபது வருஷம் அதே அடுப்படியில் நின்றார்.